வீட்டில் செய்த காலுறையப்பம்

உலக நாகரிகத்துக்குத் தமிழன் அளித்த கொடைகளை என்றாவது ஒருநாள் வரிசைப்படுத்தினால், கிள்ளான் ஊர்க்காரர் தம்புசாமி கல்சோனேவுக்குப் பெயர் வைத்த நிகழ்ச்சியை எந்த இடத்தில் வைப்பது என்பதில் அறிஞர்களுக்குள் அடிதடி நடக்கும். கல்சோனே என்பது ஒன்றுமில்லை. பீட்சாவை இரண்டாக மடித்து, ஓரத்தை ஒட்டி, உள்ளே இருப்பதை வெளியே தெரியாமல் இத்தாலிக்காரன் ஒளித்து வைத்த பண்டம். அதற்கு இத்தனை காலம் தமிழில் பெயரில்லாமல் நாம் எப்படித் தூங்கினோம் என்பதே ஆச்சரியம்.

தம்புசாமிக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் 'நற்சொல் மன்றம்' தொடங்கி, தம்மைத் தாமே ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். 'வீட்டிலேயே உலக உணவு' என்ற தலைப்பில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம் எடுத்து, கல்சோனே விழா நடத்த மன்றம் முடிவு செய்தது. பெயர் வைப்பது தலைவர் பொறுப்பு. செய்வது தலைவரின் 'வீட்டில்' பொறுப்பு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மேன்மக்கள் மனைவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பார்கள். "வீட்டுல கோவிச்சுக்கிட்டாங்க" என்பார்கள். சுவரும் கூரையும் கோபித்துக்கொண்டதாக நாம் எடுத்துக்கொள்ளக்கூடாது.

அந்த 'வீட்டில்' பல மாதங்களாகக் கைப்பேசியில் காணொளி பார்த்து கல்சோனே பழகிவந்தார். பிரிக்பீல்ட்ஸில் காப்பிக்கடை நடத்தும் நஸ்ரின் விழாவுக்கு வருவதாக இருந்தது. நஸ்ரினுக்குப் பிடித்துப்போனால் வாராவாரம் ஆர்டர் கிடைக்கும். தமக்கென்று ஒரு தொழில், தமக்கென்று நாலு வாடிக்கையாளர். இந்த ஆசை ஒன்றுக்காகத்தான் அவர் மன்றத்துக்கு மாவு பிசைய ஒத்துக்கொண்டார். இத்தகைய அற்ப விஷயங்கள் தலைவரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அவர் பெயர்சூட்டுக் குழுவில் மூழ்கியிருந்தார்.

"கல்சோனேன்னா இத்தாலியில சிலுவாருன்னு அர்த்தமாம், தலைவரே" என்றார் செயலாளர் பக்கிரிசாமி, கைப்பேசியைப் பார்த்து.

"சிலுவார் மலாய்ச் சொல். தள்ளு."

"கால்சட்டை?"

"சட்டை மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம் இருக்கு."

"கால்சராய்?"

"சராய் பாரசீகம் லா!"

'லா' எந்த மொழி என்று கேட்கும் துணிவு குழுவில் யாருக்கும் இல்லை. கடைசியில் தலைவரே கண்ணை மூடித் திறந்தார். "காலை உறை மாதிரி மூடறது காலுறை. மூடின அப்பம், காலுறையப்பம்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காலுறை என்றால் ஸ்டோக்கிங் என்பது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் யாரும் மன்றத்தில் உறுப்பினர் இல்லை.

விழா நாள் காலையில் தலைவர் சமையலறைக்கு விஜயம் செய்து பெரும் ஒத்துழைப்பு நல்கினார்.

"ஈஸ்ட் டப்பாவை எடுங்க" என்றார் மனைவி.

"நொதி" என்றார் தலைவர். எடுக்கவில்லை.

"ஓவனைத் தட்டி விடுங்க, சூடாகட்டும்."

"கனலடுப்பு" என்றார். தட்டவில்லை.

மாவை உப்ப வைத்து, வட்டமாகத் தேய்த்து, பாதியில் சாடின் மீன் சம்பலும் சீஸும் வைத்து மடித்து, ஓரத்தை முறுக்கி, ஆவி போக மேலே கீறி, தட்டு தட்டாகச் சுட்டு எடுத்ததில் மனைவியின் மணிக்கட்டில் சூடு பட்டது. "கொப்புளம்" என்று தலைவர் அதற்கும் உடனே தூய தமிழில் பெயர் சொன்னார்.

மண்டபத்தில் 'வீட்டில் செய்த காலுறையப்பம்' என்று பெரிய பதாகை. முன்வரிசையில் இருந்த மாரியாயி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"யாரு ஸ்டோக்கிங் தம்பி இது? துவைச்சதா?"

நீட்டிய கைகள் எல்லாம் மடிக்குத் திரும்பின. தட்டுகள் அப்படியே இருந்தன. மனைவி நஸ்ரினைப் பார்த்தார். நஸ்ரின் பதாகையைப் பார்த்தபடி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கத்தியைக் கையில் எடுத்தார். சட்டென்று ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டினார். சாடின் வாசனை மண்டபம் முழுக்கப் போயிற்று.

"அட, பெரிய கறிபாப் லா!" என்றது, மூலைக்கடையில் அந்த மடித்துப் பொரித்த பலகாரத்தைத் தின்று வளர்ந்த பின்வரிசை.

அவ்வளவுதான், தட்டுகள் பறந்தன. தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "அந்தப் பெயரைச் சொல்லி உண்பவர்கள் தட்டைக் கீழே வைக்கவும்!" ஏற்கெனவே எல்லார் வாயிலும் கறிபாப்தான் இருந்தது.

நஸ்ரின் இரண்டாவதைத் தின்றுகொண்டே மேடைக்கு வந்தாள். "அங்கிள், சூப்பர்! என் கடைக்கு வாராவாரம் வேணும். யார் செஞ்சது?"

"வீட்டுல செஞ்சாங்க."

"வீட்டுல யாரு?"

"வீட்டுலதான்."

"போன்ல பேரு சேவ் பண்ணணும் அங்கிள்."

"மன்றம்னு போடும்மா."

"மன்றமா மாவு பிசைஞ்சது?"

"அதான் சொன்னேனே, வீட்டுல!"

வீடு பக்கத்திலேயே, கையில் கொப்புளத்தோடு நின்றுகொண்டிருந்தது. ஒரு பண்டத்துக்குப் பெயர் வைக்கக் குழு போட்டவருக்கு, முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்ற மனுஷியின் பெயர் வாயில் வரவில்லை. மனைவியே ஒலிவாங்கியைத் தலைவர் கையிலிருந்து வாங்கினார்.

"புனிதான்னு போட்டுக்கோம்மா. காலுறையெல்லாம் வேணாம், பெரிய கறிபாப்புன்னே போடு. சனிக்கிழமை நானே கொண்டு வரேன்."

நஸ்ரின் எழுதிக்கொண்டாள். மண்டபம் கைதட்டியது. தலைவர் மட்டும் இடிந்துபோய் நின்றார்.

"புனிதாவா? சபையில போயி... அது வடசொல்லாச்சே!"

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாததற்குக் காரணம் மொழிப்பற்று என்பது அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. நாமெல்லாம் இத்தனை காலம் அதைத் திமிர் என்று தப்பாக நினைத்திருந்தோம்.