கூரைமேல் ஒரு ஆள்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவோடு எழுதுவது. நானும் அம்மாவும் அப்பாவும் நலம். வண்டியும் நலம். நீங்களும் சித்தப்பாவும் கடையில் உள்ள எல்லாத் தையல் மெஷின்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் எனக்கு 'ம்' தவிர வேறு வராது என்பது உங்களுக்கே தெரியும். எழுத உட்கார்ந்தால்தான் வாய் நீள்கிறது.

ஒன்றாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் திரைச்சீலை வேலைக்கு வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வேன் என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை, நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளை, வா என்று கூப்பிட்ட ஒரே இடம் உங்கள் கடைதான். வர மனமில்லாமல் நான் இழுத்தடிப்பதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். தாமதத்துக்குக் காரணம் எங்கள் வண்டியின் கூரை.

அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுவது போக வீட்டுக்கென்று ஒரு பழைய எஸ்யூவி வாங்கினோம் அல்லவா, அதற்குள் என் மெஷினும் துணிப்பெட்டியும் நாங்கள் மூன்று பேரும் ஏறினால் துண்டுத்துணி வைக்கக்கூட இடம் இல்லை. ஆனால் நான் துணி வெட்டும் மேசையும் வந்தாக வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அவரே செய்து கொடுத்த மேசை. லிஃப்ட் மெக்கானிக் செய்த மேசை எப்படி இருக்கும், அதன்மேல் ஏறி நின்று குதித்தாலும் ஒரு முனகல் வராது. மேசையைக் கூரைமேல் ஏற்றலாம், அதற்கு ரூஃப் ரேக் என்கிற சாமான் கட்டும் கம்பிச்சட்டம் போட வேண்டும் என்று முடிவானது. ஒரு மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன். அப்பாவுக்கு மேலேயும் கீழேயும் போகிற வண்டிகள்தான் தெரியும், முன்னாலும் பின்னாலும் போகிறவை அம்மாவின் பொறுப்பு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ரேக் கடையை நீங்கள் பார்க்க வேண்டும் சித்தி. நம் ரயில் நிலையத்தைப் போல உயரமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் குறுக்குக் கம்பிகள், உருண்டை, சதுரம், தட்டை என்று அடுக்கடுக்காக மின்னுகின்றன. கூரையிலிருந்து பெரிய பெரிய கறுப்புப் பெட்டிகள் திமிங்கிலக் குட்டிகளைப் போலத் தொங்குகின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எப்போதும் மூடியிருக்கும் வாய் என்பதால் அம்மா பயந்து, "ஏண்டி, மயக்கம் வருதா?" என்று கேட்டாள். அங்கே எல்லாவற்றையும் காட்டுவதும் மாட்டுவதும் ஒரு ஃபிட்டர் அக்கா. எங்கள் வண்டியின் கூரையில் நீளவாக்கில் தண்டு எதுவும் இல்லை, மொட்டைக் கூரை. அதற்கென்று ஒரு கால் இருக்கிறது; கதவைத் திறந்து அதன் மேல்விளிம்பைக் கொக்கிபோலக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஒரு துளை கிடையாது, ஒட்டு கிடையாது. மேலே குறுக்குக் கம்பி, கீழே நாலு கால்கள், அவ்வளவுதான். எனக்கு மெய்சிலிர்த்தது. அப்பாவுக்கு வியர்த்தது.

"ஓட்டையே போடாம எப்படிம்மா நிக்கும்?"

"கவ்வித்தான் சார் நிக்கும்."

"விட்டுட்டா? லிஃப்ட்ல கயிறு அறுந்தாலும் பிடிக்க ஒரு பிரேக் இருக்கும். இதுல அது எங்க?"

"சார், இது எங்கயும் விழாது. வண்டி எங்க போகுதோ அங்கதான் இதுவும் போகும்."

அடுத்துதான் பெரிய இடி. கூரை எவ்வளவு தாங்கும் என்று அப்பா கேட்டார். ரேக்கின் எடையையும் சேர்த்து எழுபத்தைந்து கிலோ என்றார் அக்கா. அப்பா எதையும் கிலோவில் யோசிப்பதில்லை, ஆட்களில்தான் யோசிப்பார். அவர் வேலையில் எல்லாம் 'இத்தனை ஆட்கள்' என்றுதான் எழுதியிருக்கும். "அப்படின்னா ஒரு ஆள், ஒரு கைப்பை! இவ்ளோ பெரிய வண்டிக்கு ஒரே ஒரு ஆளா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கா நிதானமாக விளக்கினார்: அது ஓடும்போது மட்டும்தான், வளைவிலும் பிரேக்கிலும் மேலே உள்ள பாரம் வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது அதே கூரை ஒரு குடும்பத்தையே தாங்கும், அதன்மேல் கூடாரம் போட்டுத் தூங்குகிறவர்கள்கூட இருக்கிறார்களாம். நின்றால் குடும்பம், கிளம்பினால் ஒரு ஆள். இதைக் கேட்டதும் அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யோசிச்சுட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகு அந்தக் கடைக்கு நாங்கள் போனதைக் கணக்கில் எடுத்தால் எங்களையும் அங்கே வேலைக்குச் சேர்த்திருக்க வேண்டும். உருண்டைக் கம்பி ஒருநாள். அது காற்றில் விசில் அடிக்கும் என்று வேண்டாம். விமான இறக்கையைப் போல வளைந்த கம்பி இன்னொரு நாள். அது காற்றை மேலும் கீழுமாகப் பிரித்து அனுப்பிவிடுமாம், சத்தமே வராதாம். அதைத் தடவிப் பார்த்தபோது என் கைக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு வழவழப்பு. சத்தம் வராவிட்டால் கழன்றதும் தெரியாது என்று அப்பா அதையும் வேண்டாம் என்றார். கூடை போன்ற ரேக் வந்தது. கூடையே கால் ஆள் எடை இருக்கிறது, மீதி முக்கால் ஆளை வைத்து என்ன செய்வது என்றார். பெட்டி வந்தது, அதற்குள் மேசை போகாது, போனாலும் பின்கதவைத் தூக்கினால் இடிக்கும். அம்மா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள். "என்னைக் கட்டிக்கும்போது இந்த மனுஷன் இவ்ளோ யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள். இதற்குள் மாதம் முடியப் போகிறது. ராத்திரி படுத்தால் உங்கள் கடையில் என் நாற்காலியில் வேறு யாரோ ஒரு பெண் உட்கார்ந்து ஊசி கோப்பது போலவே தெரிகிறது.

நேற்றுதான் அந்த அதிசயம் நடந்தது. கடையில் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் வண்டியின் மேல் இறக்கைக் கம்பியை மாட்டி, அதன்மேல் ஒரு பலகையையும் கட்டி வைத்திருந்தார் ஃபிட்டர் அக்கா. அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். ஆடவில்லை. குறை கண்டுபிடிக்க முடியாமல், "வெறும் பலகை ஆடாதுதான். ஒரு ஆள் ஏறினாத்தானே தெரியும்" என்றார். ஒரு ஆள் என்றால் கடையில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். சித்தி, வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லக் கூசி பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அப்படிப்பட்ட நான் ஒரு கடையின் நடுக்கூடத்தில், ஏணி வைத்து ஏறி, வண்டியின் தலைமேல் மேசைபோல மல்லாந்து படுத்தேன். அப்பா சாமான் கட்டும் பட்டையைப் போட்டு என்னைக் கட்டினார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா பக்கத்தில் வந்து, "இது நல்லாருக்கே, இந்தப் பொண்ணும் இதோடயே வருமா?" என்று கேட்டார்.

"அது குடுக்கறதுக்கில்ல" என்றார் அப்பா, சட்டென்று.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மேலே படுத்திருந்த எனக்கு அவருடைய உச்சந்தலை தெரிந்தது, பட்டை தெரிந்தது, பட்டையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. ஆட்டிப் பார்ப்பதற்குத்தானே என்னை ஏற்றினார்? அவர் ஆட்டவே இல்லை. கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். "பாத்தீங்களா சார், அசையல. இப்பவே மாட்டிடறேன், நாளைக்கே நீங்க கிளம்பலாம்" என்றார் அக்கா. 'நாளைக்கே' என்றதும் அப்பாவின் முகம் வாடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நாளைக்கா? இல்லம்மா, இன்னும் ஒரு கடையப் பாத்துட்டு..." என்று இழுத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கம்பியில் ஒரு குறையும் இல்லை. கம்பியில் குறை இல்லாததுதான் அப்பாவுக்குக் குறை. இத்தனை நாளாக நான் அந்தக் கொக்கிக்கால்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். அவற்றைவிட இறுக்கமாகக் கவ்விப் பிடித்திருந்தவரைப் பார்க்கவில்லை.

"அப்பா, இதுவே போதும்ப்பா. நான் போறேன்."

உயரமான கூடம் ஆயிற்றே, என் குரல் சுவரில் பட்டு இன்னொரு தடவை கேட்டது. அம்மா வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டாள். எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நான் பேசி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா பட்டையைப் பிடித்தபடியே, "பயமா இல்லியாடா?" என்றார்.

"இருக்கு."

"அப்புறம்?"

"நல்லா இறுக்கிக் கட்டிட்டா போலாம்லப்பா."

அப்பா என்னைக் கீழே இறக்கினார். ஃபிட்டர் அக்காவிடம் திரும்பி, "மாட்டுங்கம்மா" என்றார். கம்பியின் திருகாணியை முடுக்குகிற சாவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இறுக்கிக்கொண்டே வருகிறார்கள், போதுமான இறுக்கம் வந்ததும் அதுவே 'டக்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் திருகினாலும் இறுக்காது. அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது மாதிரி மனுஷனுக்குள்ளயும் ஒண்ணு இருந்திருக்கலாம்" என்றார்.

ஆகவே சித்தி, வருகிற ஞாயிற்றுக்கிழமை மேசையோடு வந்து சேருகிறோம். வண்டி இப்போது ஒரு சாண் வளர்ந்திருக்கிறது, கடைப் பெயர்ப்பலகையில் இடிக்காமல் நிறுத்த இடம் பார்த்து வைக்கவும். மேசையை இறக்க சித்தப்பாவோடு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வாசல் அகலமும் அளந்து வையுங்கள், வழியில் மாட்டிக்கொண்டால் அப்பா வாசலையும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். வேலையில் தவறு செய்தால் திட்டுங்கள். நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம். உங்கள் இருவருக்கும் என் வணக்கமும் அன்பும். உங்கள் நல்வாக்கு என்றும் என்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா மகள்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்போதுதான் நீங்கள் அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். கடையில் தரையோடு பொருத்திய பெரிய மேசை இருக்கிறது, இன்னொன்றுக்கு இடமே இல்லை, பெண்ணை மட்டும் அனுப்பு என்று சொன்னீர்களாம். ஆகவே மேலே எழுதியதில் மேசை, வாசல், இரண்டு ஆட்கள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அப்பா கீழே இறங்கிப் போனார். ரேக்கைக் கழற்றப் போகிறார் என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்தக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் என் தலையணை ஒன்றை மட்டும் வைத்து, வாங்கிய எல்லாப் பட்டைகளாலும் கட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதை இறக்க சித்தப்பா வர வேண்டாம், அப்பாவே இறக்கட்டும். அவிழ்க்கக் கொஞ்சம் நேரமாகும். யாரும் அவரை அவசரப்படுத்த வேண்டாம்.