மாமனாரின் பிஸ்டலுக்கு எண்ணெய் போட்டேன்

பனியன் தொழிலில் இருக்கிறவனுக்கு எதைக் கண்டாலும் எண்ணெய் விடத் தோன்றும். சைக்கிள் மக்கர் செய்தால் எண்ணெய், ஃபேன் முனகினால் எண்ணெய். (தலைக்கு மட்டும் விடமாட்டோம். நேரம் ஏது?) எண்பதுகளின் கடைசியில் நான் மண்ணரையில் நிட்டிங் மெஷின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் வண்டிப் பெட்டியில் ஒரு மெஷின் ஆயில் கேனும், துடைக்கக் கைநிறையப் பனியன் வேஸ்ட்டும் எப்போதும் இருக்கும். அந்த இரண்டும் இருந்தால் உலகத்தில் எதையும் ஓட வைத்துவிடலாம் என்று நம்பிய காலம் அது.

அப்போதுதான் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது. பெண் குன்னத்தூர் கலாமணி. பெண் பார்க்கப் போன அன்று தட்டிலிருந்த மிக்சரையெல்லாம் என் சட்டைமேல் கொட்டிக்கொண்டேன். அவள் சிரிக்காமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவ்வளவுதான், கட்டினால் இவளைத்தான் என்று ஆகிவிட்டது எனக்கு. ஜாதகம் பொருந்தியது, அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா நல்லசாமி மாமா மட்டும் பிடி கொடுக்கவில்லை. ரைபிள் கிளப் போட்டி முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். (பெண் கேட்டுப் போனவனுக்கு இப்படியொரு பதிலை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா?)

மாமாவிடம் ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மாமாவின் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனது. ஒரு குண்டு சுட்டதும் காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். லைசென்ஸ் எல்லாம் பக்கா. அதை எடுத்துக்கொண்டு வருஷா வருஷம் போட்டிக்குப் போவார். வருஷா வருஷம் அருள்புரம் பெரியதம்பி என்கிற சாயப்பட்டறைக்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டு போவார். இருவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. இவர் கார் வாங்கினால் அவர் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்குவார்.

ஆக, மாமா ஜெயித்தால் எனக்குக் கலாமணி. தோற்றால், அந்தக் கடுப்பில் எனக்கு வெறும் காபிகூடக் கிடைக்காது. போட்டியன்று காலையிலேயே வண்டியை மிதித்துக்கொண்டு, கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருந்த கிளப் மைதானத்துக்குப் போய்விட்டேன்.

மாமா ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி, மூச்சை அடக்கி, விசையைப் பூ மாதிரி அழுத்தினார். குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே போய் விழுந்தது. அடுத்த குண்டுக்குத்தான் வினை. காலித் தோட்டா பாதியில் சிக்கிக்கொண்டு பிஸ்டல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எடுத்துவிட்டுச் சுட்டால் மறுபடியும் அதே கதைதான்.

"கெழடு தட்டிப்போச்சுங்க தம்பி. மணிக்கட்டு துளி தொய்ஞ்சாப் போதும், வெளிய உடாமக் கவ்விக்குது" என்றார் மாமா. எத்தனை பெரிய மனுஷர், முகம் அப்படிச் சுருங்கிப் போயிருந்தது.

எனக்கு உள்ளே இருந்த மெக்கானிக் துள்ளி எழுந்துவிட்டான். மெஷின் என்றால் எனக்கு அத்துப்படி, என்னிடம் விடுங்கள் என்றேன். மாமா தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, பிஸ்டலின் மேல்பாகத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரே சொட்டுங்க தம்பி. அதுக்கு மேல வேண்டாங்க."

சொல்லிவிட்டுப் பெயர் கொடுக்க நடுவரிடம் போனார். ஒரு சொட்டாம்! எங்கள் நிட்டிங் மெஷின் முன்னால் ஒரு சொட்டை நீட்டினால் அது நம்மை மதிக்கவே மதிக்காது. அதற்கு மூச்சு முட்டக் குடிக்கக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். கேனைக் கவிழ்த்தேன். சந்து பொந்தெல்லாம் விட்டேன். வெளியே வழிந்ததைப் பனியன் வேஸ்ட்டால் கண்ணாடி மாதிரித் துடைத்தேன். திரும்பி வந்து பூட்டிய மாமா அதன் பளபளப்பைப் பார்த்து, "பரவால்லீங்களே" என்று முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மனசுக்குள் நான் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

பெரியதம்பி சுட்டு முடித்து, தன் குறி அட்டையை எடுத்து வரக் காத்திருந்தார். நன்றாகத்தான் சுட்டிருந்தார், ஆனால் எட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு இல்லை. பக்கத்து அட்டைக்கு மாமா குறிவைத்தார்.

முதல் குண்டு. மேல்பாகம் பின்னால் பாய்ந்த வேகத்தில் உள்ளே இருந்த எண்ணெய் அத்தனையும் மாமாவின் மூக்குக் கண்ணாடி, மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை என்று பாகுபாடில்லாமல் தெறித்தது. மாமா பிஸ்டலை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். நான் ஓடிப்போய்த் துணியைக் கொடுத்தேன். எந்தத் துணி? அதே பனியன் வேஸ்ட்தான். ஏற்கெனவே எண்ணெய் குடித்திருந்த அது கண்ணாடியை இன்னும் மெழுகிவிட்டது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கரடே இரண்டாகத் தெரிந்திருக்கும், அட்டை எத்தனை தெரிந்ததோ.

மனுஷர் அசரவில்லை. மறுபடியும் பிஸ்டலை எடுத்து, மூச்சை அடக்கி, அழகாகச் சுட்டார். என் கைவண்ணத்தைச் சொல்ல வேண்டும், ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. குண்டுகள் அத்தனையும் நடு வட்டத்திலேயே விழுந்தன. பெரியதம்பியின் அட்டை நடு வட்டத்தில்.

கடைசிக் காலித் தோட்டா சூடாகப் பறந்து வந்து, எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் சட்டையைப் பிய்த்துக்கொண்டு குதித்த குதியைப் பார்த்து, பெரியதம்பி ஜெயித்ததற்குத்தான் ஆடுகிறேன் என்று கூட்டம் கைதட்டியது.

நடுவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஓட்டை யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால் நல்ல ஓட்டையெல்லாம் அட்டைக்காரருக்கே என்பது கிளப் விதி. கோப்பை அருள்புரம் போனது. மாமா எண்ணெய் சொட்டும் மீசையோடு காரில் ஏறினார், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கலாமணியை இனிக் கனவில்தான் பார்க்கப்போகிறேன் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் வந்தேன். (அந்த வண்டிக்கும் எண்ணெய் கொஞ்சம் அதிகமாகத்தான் விட்டிருந்தேன்.)

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு ஒரு தரகர் வந்தார். அனுப்பியது பெரியதம்பி. தன்னை ஜெயிக்க வைத்து, ஆடி வேறு காட்டிய பையனைத் தன் மகளுக்குக் கேட்டிருந்தார். சேதி எப்படியோ ராத்திரிக்குள் குன்னத்தூர் போய்விட்டது.

விடிந்ததும் வாசலில் நல்லசாமி மாமாவின் கார். சட்டை மாற்றியிருந்தார், மீசை மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"கோப்பையத்தானுங்க அவன் கொண்டுபோனான். மாப்பிள்ளையவும் கொண்டுபோறதுக்கு நான் பாத்துட்டு இருப்பனாக்கும்?"

நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறித்த பிறகுதான் காபியே குடித்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டில் எண்ணெய் கேனைத் தொட எனக்கு அனுமதி இல்லை. போன மாதம் பூஜை அறைக் கதவு கிறீச்சிட்டது. நான் லேசாக எழுந்தேன். கலாமணி மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உங்கொப்பனப் புடிச்சு உக்கார வையி. அவரு எண்ணெய் போட்டா நம்ம கதவு தொறக்காது. பக்கத்து ஊட்டுக் கதவுதான் தொறக்கும்."