நாலு விரற்கடை மடக்குக் கத்தி

இனிமேல் எந்தச் சாக்கின் தையலையும் பல்லால் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அன்று காலைதான் கீழ்வரிசைப் பல் ஒன்று சாக்கோடு போயிருந்தது.

கள்ளக்குறிச்சியில் எனக்குப் புளி, கடுக்காய் மண்டி. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். பின்கட்டில் வீடு. கத்தி கேட்டால் என் மனைவி அஸ்ரப் நிஷா அடுப்படியில் இருந்தே பதில் சொல்வாள்.

"மீன் கத்திய மண்டிக்குத் தரமாட்டேன். போன தடவ புளியோட வந்துச்சு."

"நானே சொந்தமா ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கறேன்."

"இன்னாது? இந்த நேரத்துலயா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வெட்டிப் போட்ட மரங்கள் இன்னும் சாலையோரம் கிடந்தன. பஸ் ஓடியது. ஆனால் வழியெல்லாம் போலீஸ் ஏறி ஆண்களைத் தடவிப் பார்த்தது. கத்தி அகப்பட்டால் ஆளை இறக்கி வேனில் ஏற்றினார்கள்.

"வெள்ளிக்கிழம திருக்கோவிலூர்ல நம்ம பொண்ணு ஜெபீனாவுக்குப் பேசி முடிக்கப் போறோம்," என்றாள். "ஏற்கனவே ஒரு எடம் தட்டிப் போச்சு. பொண்ணோட அத்தா ஸ்டேஷன்ல குந்திக்கினு இருந்தா மாப்ள வூட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? கத்தி கித்தின்னு பேச்செடுத்தீங்க, பாருங்க."

பேச்செடுக்கவில்லை. பேசாமல் போய் வாங்கினேன்.

பலசரக்குக் கடைக்காரர் பொன்னுரங்கம் மூன்று கத்திகளை எடுத்து என் முன் வைத்தார். முதலாவது மலிவு. விரித்து உதறினால் ஆடியது. இரண்டாவதில் பட்டனை அழுத்தினேன். அலகு பாய்ந்து வந்த வேகத்தில் நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதற்குக் கொம்புப் பிடி. நகத்தால் இழுத்தால் தயங்கி விரிந்தது, விரிந்தபின் அசையவில்லை. காதருகில் வைத்து ஆட்டினேன். சத்தமில்லை. சணலை வெட்டினேன். காகிதத்தைச் சீவினேன். மடக்கும்போது விரலைக் கடிக்கிறதா என்று பார்த்தேன்.

"பாய், பொண்ணு பாக்கப் போறவன்கூட இவ்ளோ பாக்கமாட்டான்," என்றார் பொன்னுரங்கம்.

"பொண்ணப் பாக்காம கட்டிக்கிட்டேன். கத்தியாவது பாத்து வாங்கறேன்."

நாலு விரற்கடைக்கு மேல் அலகு இருந்தால்தான் கேஸ் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அலகின்மேல் நாலு விரலைப் பதித்துப் பார்த்தேன். அச்சாக நாலு. நடுத்தர விலை, ஒரு ரூபாய் குறைத்தும் வாங்கினேன். சட்டமும் என் பக்கம், சிக்கனமும் என் பக்கம். நிஷா மட்டும்தான் எதிர்ப்பக்கம்.

அவளுக்குத் தெரியாமல் இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் கத்தியை வைத்துப் பட்டனைப் போட்டேன். தூங்கும்போதும் பெல்ட்டைக் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் ஆணியில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை கத்தியை வீட்டில் விட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டம்மாள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருவார். அவர் கண்ணில் படாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. அவருக்குத் தெரிந்தால் நிஷாவுக்குத் தெரிந்த மாதிரி. ஆகவே இடுப்பிலேயே இருக்கட்டும் என்று கிளம்பினேன்.

பஸ்ஸில் இடப்பக்கம் பெண்கள் வரிசையில் நிஷா. மடியில் சம்பந்தி வீட்டுக்கு ஒரு கூடை கொய்யா. வலப்பக்கம் நான். என் பக்கத்தில் பிச்சைமுத்து என்று ஒரு கூலிக்காரர், கரும்பு வெட்டப் போகிறவர். தியாகதுருகம் தாண்டியதும் பஸ் நின்றது.

"ஆம்பளைங்க எல்லாம் கைய மேல தூக்குங்க!"

ஏறியவர் ஒரு ஏட்டு. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தேன். முருங்கைப் பிஞ்சு மாதிரி ஒல்லி விரல்கள். அவர் அளந்தால் என் கத்தி ஆறு விரற்கடை வரும். என் விரலை நம்பி வாங்கியது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

பிச்சைமுத்துவின் வேட்டி மடிப்பிலிருந்து துருப்பிடித்த சின்னக் கத்தி ஒன்று வந்தது.

"இது இன்னா?"

"பாக்கு வெட்டறதுங்க, சாமி."

"பாக்கா, ஆளா? எறங்கு. ஓரமா நில்லு."

அடுத்தது நான். வாய்க்குள் ஓதினேன். ஜெபீனாவின் முகம் வந்து போனது. ஏட்டின் கை என் பெல்ட்டில் தட்டி நின்றது.

"பாய், உள்ள கெட்டியா இருக்குதே. இன்னாது?"

"அது... ஏட்டய்யா... சாக்கு..."

"சாக்கு சொல்லாதீங்க. தொறங்க."

நான் இழுத்த இழுப்புக்குப் பட்டன் கழலவில்லை. அவரே கழற்றினார். இரண்டு விரலை விட்டு உருவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸே சிரித்தது.

திறந்து பார்த்தேன். ஏட்டின் கையில் ஒரு பேன் சீப்பு.

ஏட்டு சீப்பைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அங்கே சீப்புக்கு வேலை நின்று பல வருடம் ஆயிற்று. மறுபடி சீப்பைப் பார்த்தார்.

"இத எதுக்கு பாய் பட்டன் போட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

கத்தி எங்கே விழுந்தது? யார் எடுத்தார்கள்? இடப்பக்கம் திரும்பினேன். அங்கே நிஷா கொய்யாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கொம்புப் பிடி. தயங்கி விரிந்து அசையாமல் நிற்கும் அலகு. என் கத்தி! ஏட்டின் மூக்குக்கு நேராக, பட்டப்பகலில், முழுதாக விரிந்து!

"ஏட்டய்யா, வெயில்ல அலையறீங்க. இந்தாங்க," என்று ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி நீட்டினாள்.

அவர் எடுத்துத் தின்றார். தின்றபடியே பிச்சைமுத்துவின் பெயரை எழுதப் பென்சிலை எடுத்தார். முனை ஒடிந்திருந்தது.

"அந்தக் கத்தியக் குடும்மா."

கொடுத்தாள். பென்சிலைச் சீவ நாலு விரலை அலகின்மேல் வைத்துப் பிடித்தார். விரல்களுக்கு அப்பால் அலகு நன்றாக நீட்டிக்கொண்டு தெரிந்தது. அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது போலும்.

"நல்ல கத்தி. வழுக்கிக்கினு போவுது. எங்க வாங்கினது?"

"எங்க வூட்டுக்காரரு பாத்துப் பாத்து வாங்கினாருங்க. எனக்காக." பிறகு மெல்லக் கேட்டாள். "ஏட்டய்யா, அந்த அண்ணன் கத்தியால சீவிப் பாருங்களேன். அது சீவுதான்னு பாப்போம்."

ஏட்டு சீவினார். பென்சிலின் மரம்கூடப் பெயரவில்லை.

"பென்சிலு பொழச்சுக்கிச்சு," என்றாள் நிஷா. "இதால அவரு ஆள வெட்டணும்னா, வெட்டுப்படறவன் பொறுமையா ஒக்காந்து குடுக்கணும்."

பஸ் மறுபடி சிரித்தது. இந்த முறை ஏட்டும் சிரித்தார். படியருகே நின்ற பிச்சைமுத்துவின் கையில் துருக்கத்தியைப் போட்டு, "போய் ஒக்காருய்யா," என்றார். சீப்பை என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

பஸ் நகர்ந்தது. நான் குனிந்து கிசுகிசுத்தேன்.

"எப்போ எடுத்த?"

"நீங்க குளிக்கப் போனப்ப."

"கத்தி இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னிக்காவது பெல்ட்டோட தூங்கினவரா நீங்க?"

"எடுத்தது சரி. சீப்பு எதுக்கு வச்ச?"

"கனம் கொறஞ்சா கண்டுபிடிச்சுடுவீங்களே. எல்லாத்தையும் நிறுத்துப் பாக்கற ஆளு."

திருக்கோவிலூரில் பேச்சு நல்லபடி முடிந்தது. கொய்யாவை ஒரே அளவாக வெட்டியிருப்பதைச் சம்பந்தியம்மாள் மெச்சினார். மாப்பிள்ளை பைசல் கத்தியை வாங்கிப் பார்த்து, நல்ல கத்தி என்று தன் வருங்கால மாமியாரிடம் சொன்னான்.

மறுவாரம் மலையிலிருந்து கடுக்காய் வந்தது. முதல் மூட்டையின் தையலருகே வாயைக் கொண்டுபோனேன். நிஷா வந்தாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, நகத்தால் விரித்து, சரக்கென்று அறுத்து, மடக்கி, திரும்பச் செருகிக்கொண்டாள்.

"நிஷா, அது என் கத்தி."

"உங்க கத்திதான். யாரு இல்லன்னா? என்கிட்ட இருந்தா போலீஸ் கேக்காது." போகத் திரும்பியவள் நின்றாள். "ஜெபீனாவுக்குத் தல அரிக்குதாம். சீப்பக் குடுங்க. வேல முடிஞ்சதும் கொண்டாந்து தரேன். உங்க பெல்ட்லயே இருக்கட்டும், தேடாம கெடைக்குது."

பட்டனைக் கழற்றி எடுத்துக் கொடுத்தேன்.