செர்ரி வைத்த பனிஸும் மூலிகை அண்ணனும்

பதுளையிலிருந்து ஒரு வண்டி பாண் ரொட்டியை ஏற்றிக்கொண்டு நமுனுகுல மலைக்குக் கிளம்பி, வழியிலேயே பாதியைத் தானே தின்று, மீதியை ரோட்டில் கண்ட நாய்களுக்கெல்லாம் விருந்து வைத்து, காலி வண்டியோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, "இன்னைக்கு ஏவாரம் அமோகம் கிளாக்கரையா, ஒன்னுகூட மிச்சமில்ல" என்று மனதார மகிழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூலிகை.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நான் தோட்ட ஆபீசில் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயரை அவரே மறந்து போயிருந்தார். பாட்டுப் போட்டுக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகப் பாண் விற்கும் ஆட்டோக்காரர். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் சிவந்த கண், எப்போதும் ஒரு புன்சிரிப்பு. காலையில் கண் விழித்ததும் ஒரு சுருட்டுக் கஞ்சா, மத்தியானம் ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று. யாராவது கேட்டால் ஒளிக்க மாட்டார்.

"ஐயா, எழுதிப் பாருங்க. கஞ்சின்னு எழுதுறீங்க. அதுல மேல இருக்கிற கொக்கிய எடுத்துட்டு பக்கத்துல ஒரு கால் போட்டா கஞ்சா. எழுத்துல அவ்வளவுதான் வித்தியாசம். இலைக்கஞ்சி மாதிரி இதுவும் இலையில செய்யிறதுதான். ரெண்டும் ஒடம்புக்கு நல்லது."

தலைவலிக்கு அதுதான் மருந்து. மூட்டுவலிக்கு அதுதான். மாமியார் வந்தாலும் அதுதான். ஆனால் அவரை வாட்டிய இருமலுக்கு மட்டும் அது ஏன் வேலை செய்யவில்லை என்று நான் கேட்டபோது, "அது பதுளைத் தூசி" என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் இருமினார்.

அவர் வண்டி ஓட்டும் அழகைப் பார்க்க வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள். அவரோ ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி, "ரொம்ப வேகமாப் போறேனோ?" என்று அவர்களிடமே கேட்பார். ஒருநாள் வளைவில் நின்ற மைல்கல்லைப் பார்த்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். "என்னாண்ணே?" என்று கேட்டேன். "மாடு நகர மாட்டேங்குதுங்க" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நேரம் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த பஸ், நடுரோட்டில் நின்ற பாண் வண்டியைக் கண்டு சடாரென்று ஒதுங்கியது. அதன் டயர் பள்ளத்து விளிம்பில் ஒரு முழம் தள்ளி நின்றது. என் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அன்று நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆபீசுக்குப் போய் அந்த மைல்கல் கதையைத்தான் எல்லோருக்கும் சொன்னேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பிறகு இருமல் முற்றியது. இனி வீட்டில் புகை கூடாது என்று அவருடைய மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூலிகை யோசித்தார். புகைதானே கெடுதி? சாப்பிட்டுவிட்டால்? வீட்டோடு இருந்த தன் பேக்கரியில் மாப் பிசையும்போது தனக்கென்று தேங்காய்ப்பூ பனிஸ் என்ற இனிப்பு பன் இரண்டு செய்து, அதற்குள் சரக்கை வைத்தார். மனைவி கண்ணில் படாமலிருக்க மற்ற பனிஸோடு பனிஸாகக் கண்ணாடித் தட்டில் அடுக்கினார். தனக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புச் செர்ரிப்பழம் வைத்தார்.

தட்டு முழுக்க இருந்த பனிஸில் எது கண்ணைப் பறிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வண்டி எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றது. அவர் வண்டியை விட்டுவிட்டுப் பின்பக்கம் கக்கூசுக்குப் போயிருந்தார். வழக்கம்போல நாங்களே கண்ணாடியைத் திறந்து எடுத்துக்கொண்டோம். செர்ரி வைத்ததை நான் எடுத்தேன். எனக்கு முன்னால் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் அக்கா ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போனார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. திரும்பி வந்த மூலிகை தட்டைக்கூடப் பார்க்காமல் அடுத்த லயத்துக்குப் போய்விட்டார்.

பனிஸ் ருசியாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து இருபது. நெடுநேரம் வேலை செய்துவிட்டு மறுபடி பார்த்தேன், பத்து இருபத்தொன்று. கம்ப்யூட்டரில் எழுத்துகள் கொழுந்துப் பூச்சி மாதிரி ஊர்ந்தன. நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சுக்குள் யாரோ தப்பு அடித்தார்கள். சாவு வந்துவிட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மனைவிக்குப் போன் போட்டு, "என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா என்னென்ன?" என்று அவள் இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் தரையில் படுத்துக் கிடந்தபோது மூலிகை உள்ளே வந்தார். தன் பனிஸைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். குனிந்து என் கண்ணைப் பார்த்தார்.

"ஐயா, காலையில என்னா சாப்பிட்டீங்க?"

"செர்ரி."

அவருடைய முகத்திலிருந்து அந்தப் புன்சிரிப்பு இறங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "ரெண்டு இருந்துச்சே... மத்தது எங்க?"

"பிள்ளைக்காம்பரா அக்கா ஒரு பை எடுத்துட்டுப் போனாங்க."

அவர் அப்போது வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நடந்துபோகிறவர்களைக்கூட முந்தாத அந்த மனிதர் ஓடினார். மேட்டுப்படிகளில் செருப்பு ஒரு பக்கம் போனது, சாரம் ஒரு பக்கம் போனது. தரையில் கிடந்த எனக்குத் திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. பால் கொடுக்க வந்து நின்ற அத்தனை தாய்மார் முன்னாலும் அவர் தொண்டை கிழியக் கத்தினார்:

"பனிஸ் சாப்பிடாதீங்க! யாரும் சாப்பிடாதீங்க! நான் அதுல கஞ்சா வச்சிருக்கேன்!"

உள்ளே நடந்ததைப் பிறகு சொல்லிக் கேட்டேன். தட்டுகளில் பனிஸ் அடுக்கித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த நேரம். அன்று கொழுந்து பறிக்கும் லெட்சுமியின் மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள். அதனால் செர்ரி வைத்தது அவளுக்கு. அவள் பழத்தை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பனிஸை இரண்டு கையாலும் பிடித்து வாயருகே கொண்டுபோயிருந்தாள். மூலிகை அதைப் பிடுங்கினார். பிள்ளை லயமே அதிர அழுதது. லெட்சுமி அவருடைய கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

"அடிங்க தங்கச்சி, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அடிங்க. மொதல்ல புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார் அவர்.

தோட்டத்து வேனில் எங்கள் எல்லோரையும் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை வருஷத்தில் அன்றுதான் மூலிகை தெளிவாக இருந்தார், நான் போதையில் இருந்தேன். வழி நெடுக டிரைவரைப் பார்த்து, "ரொம்ப வேகமாப் போறீங்களோ?" என்று நான் கேட்டுக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் அம்மா என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூலிகை அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்ன வைத்தார், எவ்வளவு வைத்தார், நான் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

பிள்ளையை மாலைவரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எனக்கும் மெல்ல மெல்லத் தெளிந்தது. அதன் பிறகு டொக்டர் மூலிகையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க உண்மையச் சொன்னதாலதான் எங்க வேலை லேசாச்சு. இந்தக் கிளாக்கருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சதோட போச்சு. இதய வருத்தம் உள்ள ஆளா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அந்தப் புள்ள முழுசாத் தின்னிருந்தா எழுப்ப முடியாமத் தூங்கியிருக்கும். மூச்சே தடுமாறியிருக்கும்."

"புகைதான் கெடுதின்னு நெனச்சேன் டொக்டர். சாப்பாட்டுல போட்டா சேஃப்னு..."

"நெஞ்சுக்குப் புகை கெடுதிதான். ஆனா தின்னா ஏறவே ஒரு மணி, ரெண்டு மணி நேரமாகும். ஏறலையேன்னு இன்னொன்னு தின்பாங்க. அப்புறம் எல்லாம் சேர்ந்து ஏறும், எறங்கவும் மணிக்கணக்காகும். அதோட நீங்க வண்டி வேற ஓட்டுறீங்க."

"இலைதானே டொக்டர்..."

"வெசமுள்ள அலரியும் இலைதான். ரெண்டு பறிச்சிட்டு வரச் சொல்லட்டுமா?"

கஞ்சி, கஞ்சா, கொக்கி, கால் எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்தன.

வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிகிச்சைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. போனார். முதல் இரண்டு வாரம் லேசாக இல்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை, யார் பேசினாலும் எரிச்சல். அவருடைய மனைவி எனக்குப் போன் போட்டு அழுதார்: "ஐயா, மழை பெய்யுதுன்னு இந்த மனுசன் கூரைத் தகரத்தோட சண்டை போடுறாரு." கிளினிக்கில் ஒரு மிஸ் வாராவாரம் அவரோடு உட்கார்ந்து பேசினார். நடுவில் ஒரு தடவை மறுபடியும் புகைத்துவிட்டார். அதையும் தானாகவே போய் அந்த மிஸ்ஸிடம் சொன்னார். "விழுந்தது பெருசில்ல, வந்து சொன்னீங்க பாருங்க" என்று மிஸ் சொன்னாராம். மூன்றாவது மாதம் இருமல் குறைந்தது. நாங்கள் ஞாபகப்படுத்தாமலே மூலிகை எங்கள் பெயர்களைச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

பிறகு ஒருநாள் காலை பாட்டுச் சத்தம் மலையேறி வந்தது. ஒரு லயத்துக் கதவும் திறக்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு பனிஸையும் கத்தியால் இரண்டாகப் பிளந்து வைத்துக்கொண்டு, "பாத்துட்டு எடுங்க, உள்ள தேங்காய்ப்பூ மட்டுந்தான்" என்று மூடிய கதவுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். அப்படி ஒரு வாரம் போனது. நான் மட்டும் வாங்கினேன். உண்மையைச் சொன்னால் முதல் நாள் வாங்கியதைச் சாப்பிட எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் லெட்சுமி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். நான் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு பனிஸ் குடுங்க."

மூலிகை பிளந்து வைத்த பனிஸ் ஒன்றை எடுத்தார். "பயமில்லையா தங்கச்சி?"

"பயந்தான். ஆனா அன்னைக்கு நீங்க பயந்து ஓடியிருந்தா எம்புள்ளைக்கு என்னாயிருக்கும்? நீங்க எங்க பக்கம்தானே ஓடி வந்தீங்க."

அவர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்தது. அடுத்த லயத்தில் ஒரு கதவு திறந்தது. அதன் பிறகு இன்னொன்று.

இப்போது வளைவுகளில் அவருடைய வண்டி ஒழுங்காகத் திரும்புகிறது. எங்கள் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவரும் அதே பழக்கத்தில் இருந்தார். மூலிகைதான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளே போனவர் வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இளைஞர் கழகத்தில் ஒருநாள் பேசச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போன தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "நான் சேஃபா இருக்கேன்னுதான் நெனச்சேன் தம்பிகளா. அப்படி நெனச்ச நாள்லதான் ஒரு புள்ளையக் கொல்லப் பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் மூன்று நாள் அவர் வரவில்லை. காய்ச்சலாம். நாலாம் நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்னாங்கையா, பாண் வாங்கவா இவ்வளவு தூரம்?"

"இல்லண்ணே," என்றேன், "சும்மா உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."