ஏழாம் நம்பர் லயத்துத் தடுப்புச்சுவர்

உலக மக்கள் அனைவருக்கும் இதனால் தெரிவிப்பது: கல், சுண்ணாம்பு, கொத்தனார் ஆகிய பழங்காலத் தொல்லைகள் ஏதுமின்றி மலைச்சரிவைத் தடுக்கும் சுவர், 1974ஆம் ஆண்டு, சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் வெற்றிகரமாகக் கட்டி முடிக்கப்பட்டது. எகிப்து தேசத்தார் பிரமிடுக்குக் கல் சுமந்தது விஞ்ஞானம் தெரியாததால்தான். இந்த மகத்தான பணியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த எஸ்டேட் கிளார்க் நான்.

விஷயம் இதுதான். முந்தின வருட மழையில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான ஏழாம் நம்பர் லயத்தின் பின்னாலிருந்த மேடு சரிந்து, கொழுந்து பறிக்கும் சாந்தம்மாளின் அடுப்படிக்குள் இடுப்பளவு மண் வந்து உட்கார்ந்தது. அவளை இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து தகரக் கூரையில் நாலு தூறல் விழுந்தால் போதும், கை நடுங்கும். இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். கொழுந்து பறிக்கும் கை நடுங்கினால் தேசத்தின் தேநீர் என்னாவது?

"அடுத்த மழைக்குள்ள லயத்துக்குப் பின்னால கல்சுவரு கட்டணும்" என்று தொழிற்சங்கத்துப் பெரியமுத்து மனுக் கொடுத்தார். மேனேஜர் ஆழ்ந்து சிந்தித்தார். மேடு ஒரே ஒரு தடவைதான் சரிந்தது. சாந்தம்மாளோ அடிக்கடி நடுங்குகிறாள். ஆகவே பழுது மேட்டில் இல்லை. எர்ணாகுளத்திலிருந்து, வெளிநாட்டில் படித்த 'மனக்காட்சி சிகிச்சை' டாக்டர் வரவழைக்கப்பட்டார்.

அவர் மலையாளத்தில் சொன்னதை நான் தமிழாக்கினேன்.

"கண்ண மூடிக்கோ சாந்தம்மா. பயமே இல்லாத ஒரு இடத்துல நிக்கிற. எந்த இடம்?"

"தொரை பங்களா."

மேனேஜர் இருமினார். "பங்களா கேட்டுக்கு வெளியேதானே? கேளும்."

"உள்ளதான் சார். கட்டில்ல படுத்திருக்கேன்."

அந்த இடம் உடனடியாக ரத்து செய்யப்பட்டது. டாக்டர் திட்டத்தை மாற்றினார்.

"வீட்டுக்குப் பின்னால பெரிய கல்சுவரு எழும்புது. நல்லாப் பாரு. எட்டடி."

"எட்டடி பத்தாது சார். மேடே பன்னெண்டு அடி."

"சரி, பன்னெண்டு."

"தண்ணி வடிய ஓட்டை வச்சியளா?"

டாக்டர் வைக்கவில்லை. வெளிநாட்டில் சொல்லித்தரவில்லையாம்.

"ஓட்டை இல்லாட்டா சுவரு வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும் சார். பொறவு அதுவும் சேந்துல்லா நம்ம மேல விழும்?"

ஓட்டைகள் வைக்கப்பட்டன. அஸ்திவாரம் மேலும் இரண்டடி தோண்டப்பட்டது. ஆறு வியாழக்கிழமை வேலை நடந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: நடுக்கம் நின்றது. தூக்கமும் வந்தது.

"நல்ல சுவரு சார்" என்று சாந்தம்மாள் கண்ணைத் திறந்தாள். "எப்பக் கட்டுவிய?"

டாக்டர் அறிக்கை எழுதினார்: 'சுவர் கட்டி முடிக்கப்பட்டது. நோயாளி குணமடைந்தார்.' எங்கள் ஆபீசில் எந்தக் காகிதமும் அதற்குரிய ஃபைலை அடையாமல் ஓயாது. இது சுவர் ஃபைலை அடைந்தது. பெரியமுத்துவுக்குப் பதில் போயிற்று: 'தாங்கள் கோரிய சுவர் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டுள்ளது.'

காகிதமும் கையுமாக ஓடி வந்தார் பெரியமுத்து. "ஏய்யா கிளார்க்கு, சுவரு எங்கய்யா?"

"கண்ண மூடிப் பாருங்கண்ணே."

"மூடுனா ஒம்ம மூஞ்சிதான்யா தெரியுது. அதுவும் அடி வாங்குன மூஞ்சி!"

அவர் விடவில்லை, மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பரிசோதனைக்கு ஓர் அதிகாரி வந்தார். பங்களாவில் கோழிக்குழம்புச் சாப்பாடு. அதன்பின் கண்ணை மூட அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. சாய்வு நாற்காலியில் அரைமணி நேரம், லேசான குறட்டையுடன் சுவரைப் பரிசோதித்து, 'திருப்தி' என்று கையெழுத்திட்டார்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஒன்பதாம் தேதி காலை மேடு மொத்தமாக இறங்கி சாந்தம்மாளின் வீட்டை மூடியது. உள்ளே யாரும் இல்லை. அவள் பிள்ளைகளோடு ரோட்டில் நனைந்துகொண்டு நின்றாள். மறுபடியும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடுனேன் சார், சுவரு இருந்திச்சு. தொறந்தேன், காணோம். பிள்ளையளத் தூக்கிட்டு ஓடியாந்துட்டேன்" என்றாள்.

'நோய் திரும்பிவிட்டது. சிகிச்சையைத் தொடர வேண்டும்' என்று டாக்டர் அறிக்கைக்கு வாசகம் சொன்னார். அதை டைப் செய்தவன் நான். பிழை ஒன்றுகூட இல்லை.