மூன்று தாள் இங்கிலீஷ்

இங்கிலீஷ் வளர்கிற பையன் என்று ஓர் இனம் உண்டு. அட்டைக்கும் மூடுபனிக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரியே மலைநாட்டுச் சீதோஷ்ணம் இந்த இனத்துக்கும் நன்றாக ஒத்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு ஒருவனாவது இருப்பான். இரண்டு பேர் இருந்துவிட்டால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கோழிக்கூடை, மரக்கறிச் சாக்கு, வெற்றிலை வாய் எல்லாவற்றுக்கும் நடுவில், காற்சட்டை மடிப்புக் கலைந்துவிடும் என்று சீட்டு காலியாக இருந்தும் உட்காராமல், கையிலிருக்கும் இங்கிலீஷ் பேப்பரின் தலைப்பு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு டிக்கட்டுக்காகக் கண்டக்டருக்கு மூன்று தரம் இங்கிலீஷில் நன்றி சொல்லிக்கொண்டு ஒருவன் நிற்பான். கண்டக்டர் "மொக்கத மல்லி?" என்று, என்ன தம்பி என்பதைத்தான், சிங்களத்தில் கேட்டதும் தமிழில் முழிப்பான். அவனேதான்.

அழகுமுத்து அந்த இனத்தில் உயர்ந்த ஜாதி. ஹட்டனில் எஸ்.எஸ்.ஸி. வகுப்பு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற மூக்கனின் மகன். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறபோது மூக்கன் "ஆஜர்" சொல்கிற தோரணையே, மகன் நாலாம் வகுப்பு தாண்டிய பிறகு மாறிவிட்டது என்று அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பேச்சு.

பையனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தன் இங்கிலீஷ் எப்படி வளர்கிறது என்பதை வருடவாரியாக அதில் குறித்துவைப்பான். ஆறாம் வகுப்பில் 'மழை பெய்கிறது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான். எட்டாம் வகுப்பில் அது 'கடும் மழை பெய்கிறது' ஆயிற்று. எஸ்.எஸ்.ஸி.க்கு வந்தபோது மழை பெய்வதே நின்றுபோய்விட்டது. 'வானமென்னும் மங்கை தன் துயரக் கண்ணீரைப் பச்சை மலைகளின் மடியில் சிந்துகிறாள்' என்றாகிவிட்டது. நனைகிறவனுக்கு என்னவோ மூன்றும் ஒன்றுதான். ஆனால் அழகுமுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிமட்டம் வைத்து அளந்து, போன வருஷத்தைவிட எத்தனை அங்குலம் கூடியிருக்கிறது என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைப்பான். வளர்ச்சியென்றால் வளர்ச்சி, அப்படியொரு வளர்ச்சி!

அந்த வருஷம் ஆனிக் காற்று பத்தாம் நம்பர் லயத்தின் கடைசி அறையான காம்பராவின் கூரையிலிருந்து மூன்று தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனது. அந்தக் காம்பராவில் இருந்தவள் சண்முகவடிவு. கொழுந்து எடுக்கிறவள். பிள்ளை பெற்று இருபது நாள். அடுப்பு மூட்ட முடியவில்லை, சாக்கு விரிக்க முடியவில்லை, பிள்ளையை மூலைக்கு மூலை மாற்றிப் படுக்கவைத்தாலும் தண்ணீர் தேடிக்கொண்டு வந்தது. கங்காணியிடம் சொன்னாள், பார்ப்போம் என்றார். கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள், அவரும் பார்ப்போம் என்றார். அவர்களுக்கும் மேலான கண்டாக்கையா மட்டும் பார்ப்போம் என்று சொல்லாமல், "தொரைக்கு இங்கிலீஷ்ல ஒரு பெட்டிசம் எழுதிக் குடு" என்று வழி சொன்னார்.

சண்முகவடிவு பிள்ளையைக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு நேராக அழகுமுத்துவிடம் வந்தாள்.

"தம்பி, நம்ம லயத்துல இங்கிலீஷ் தெரிஞ்சது நீ ஒருத்தன்தான். தகரம் போயிருச்சுன்னு தொரைக்கு எழுதிக் குடுப்பா. புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு."

"கவலைய விடுங்கக்கா. அசந்து போற மாதிரி எழுதித் தாறேன்."

யார் அசந்து போகவேண்டும் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்தான். முதல் தாளில் சூரியன் உதித்தது, மலைகள் விழித்தன, துரை பங்களாவின் ரோஜாக்கள் தலையசைத்தன. இரண்டாம் தாளில் துரையின் கருணை என்னும் பெருங்குடையின் கீழே பத்தாம் நம்பர் லயத்து ஏழைகள் ஆனந்தமாகக் கண்ணயர்ந்தார்கள். மூன்றாம் தாளில்தான் சிக்கல் வந்தது. தகரத்துக்கும் கூரைக்கும் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைப் போய் ஒரு எஸ்.எஸ்.ஸி.க்காரன் எழுதுவானா? எழுதினான், வெட்டினான், மறுபடி எழுதினான், மறுபடி வெட்டினான். கடைசியில் வான்மங்கை அண்மைக்காலமாகத் தங்கள் எளிய இல்லங்களுக்கே விருந்தாளியாக வந்து தங்குகிறாள் என்று எழுதி, பாதம் பணியும் அடியவள் என்று முடித்தான். சண்முகவடிவு பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தாள்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. பெரிய கிளாக்கர் பத்திநாதன் கூப்பிடுகிறாராம்.

"ஏய் அழகுமுத்து, தொரை ஒன் பெட்டிசத்த ரெண்டு தரம் படிச்சாருடா! தொரசானிக்கும் படிச்சுக் காட்டணும்னு பங்களாவுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இந்த வருஷத்துல இப்படி ஒரு இங்கிலீஷப் பாக்கலைன்னாரு."

அழகுமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடி நோட்டுப் புத்தகத்தில் அன்றைய தேதியைப் போட்டு இரண்டு கோடு இழுத்தான். சண்முகவடிவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தகரம் எப்ப வரும்?"

"வரும்க்கா. தொரைக்கு ரொம்பச் சந்தோஷம்."

தகரம் வந்தது. மறுநாளே லாரியில் வந்தது. வந்து பத்தாம் நம்பர் லயத்தைத் தாண்டிக்கொண்டு ஆறாம் நம்பர் லயத்துக்குப் போனது. அங்கே இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாருமில்லை. இருபது பேர் உடைந்த தகரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்று தமிழிலேயே கத்தியிருக்கிறார்கள்.

அழகுமுத்து மூச்சிரைக்கப் பெரிய கிளாக்கரிடம் ஓடினான்.

"இருந்தது அவ்வளவு தகரம்தான்டா," என்றார் பத்திநாதன். "யாருக்குக் குடுக்கிறதுன்னு தொரை யோசிச்சாரு. பத்தாம் நம்பர்க்காரங்க ஆனந்தமாத் தூங்குறதா எழுதிக் குடுத்திருக்காங்களே, கைநாட்டு வேற வச்சிருக்காங்க, அப்ப ஆறாம் நம்பருக்கே குடுத்துடுவோம்னு சொல்லிட்டாரு."

அன்று பின்னேரம் சண்முகவடிவு வந்தாள். பிள்ளையின் நெஞ்சு கர்கர் என்று இழுத்துக்கொண்டிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அழகுமுத்துவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீ எழுதுனத அப்படியே தமிழ்ல சொல்லு தம்பி."

தன்னிடமிருந்த நகலைப் பார்த்துச் சொன்னான். சூரியனைச் சொன்னான், ரோஜாவைச் சொன்னான். இங்கிலீஷில் அவ்வளவு மினுமினுத்தது தமிழில் சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. பெருங்குடைக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது. வான்மங்கை விருந்துக்கு வந்த இடத்தில் நின்றேவிட்டான்.

"இதுல தகரம் எங்கப்பா இருக்கு?"

அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எழுதினவனுக்கே அகப்படவில்லை.

"அப்ப நான் எதுக்குக் கைநாட்டு வச்சேன்? எம்புள்ள நனையிறது நல்லா இருக்குன்னா?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பேனாவ எடு. நான் சொல்றத மட்டும் எழுது. கடைசிக் காம்பராவுல மூணு தகரம் போயிருச்சு. மழை வீட்டுக்குள்ள பெய்யுது. இருபத்தஞ்சு நாள் புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. மூணு தகரம் வேணும்."

"அக்கா, இது... இது மூணாம் வகுப்புப் பையன் எழுதுறதுக்கா."

"அப்ப மூணாம் வகுப்புப் பையனா இருந்து எழுது."

எழுதினான். நாலே வரி. ஒவ்வொரு வார்த்தையும் அரையங்குலம்கூட இல்லை. மறுநாள் காலையில் தாளைப் பார்த்த பத்திநாதன், "என்னடா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். துரை நின்றபடியே படித்தார். ஸ்டோரில் தகரம் இல்லை என்று சொன்னார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக் கூரையில் இருக்கிறதே, அதைக் கழற்று என்றார். பொழுது சாய்வதற்குள் கடைசிக் காம்பராவில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை நாலு நாளில் பழையபடி பால் குடிக்கத் தொடங்கியது.

பையன் திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவனும் அப்படித்தான் நினைத்தான், பாவம். அடுத்த மாதம் ஹட்டனில் இங்கிலீஷ் வாத்தியார் அமிர்தநாதன், 'இங்கிலீஷ் எழுத்தில் நான் அடைந்த வளர்ச்சி' என்று ஒரு கட்டுரை கேட்டார். அழகுமுத்து மனசார, ஒரு வார்த்தை பொய்யில்லாமல், சுருக்கமாக எழுதுவதன் மகிமையைத் தான் எப்படிக் கற்றுக்கொண்டான் என்று எழுதினான். பத்தொன்பது பக்கம். அதில் சண்முகவடிவு ஞானத்தின் திருவுருவமாக வந்தாள். பிள்ளை வரவில்லை. தகரம் பதினேழாம் பக்கத்தில் 'உலோகப் போர்வை' என்று தலைகாட்டியது. அமிர்தநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதை வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தார், முதல் மார்க்கும் போட்டார். அவரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் இங்கிலீஷ் வளர்ந்த பையன்தானே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நமக்கு இங்கிலீஷே வராது, நமக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை என்றுகூட நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போன கிழமை அடுத்தவர் ஒருவருக்காக நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்களே, தமிழில்தான், 'தங்கள் மேலான சமூகத்துக்கு' என்று தொடங்கி, அந்தத் தொடக்கத்தை நீங்களே இரண்டு தரம் வாசித்து ரசித்து, வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டினீர்களே, அதை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். அவர் கேட்கச் சொன்னது எத்தனையாவது வரியில் இருக்கிறது? அகப்பட்டால் சந்தோஷம். அகப்படவில்லையென்றால் கையிலிருக்கிற இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்த மனுஷர் எங்கே நனைந்துகொண்டு நிற்கிறார் என்று முதலில் போய்ப் பாருங்கள்.