காய்ந்த துண்டுத் துரை

குற்றாலத்தில் ஏழு வருஷம் குடியிருந்து, ஏழு சீசனையும் கண்ணால் பார்த்து, ஒரு தடவைகூட அருவியில் தலையைக் கொடுக்காத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். அவர் குளிக்காமல் இருந்ததற்குக் காரணமே நான்தான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சர்க்கார் ஃபைலில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஏழு வருஷம் முன்னால் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் குமாஸ்தா. வெளிநாட்டுக்காரர் யாராவது எங்கள் பக்கம் வந்து தங்கினால் எங்களிடம் பதிந்துகொள்ள வேண்டும். சொன்ன கெடுவுக்கு மேல் தங்குவதானால் காரணம் காட்டி ஒரு பாரம் எழுதி, அதிகாரியிடம் நீட்டிப்பு வாங்க வேண்டும். தென்காசிக்கு எந்த வெளிநாட்டுக்காரன் வரப்போகிறான்? அந்தப் பதிவுப் புத்தகத்தின் மேல்தான் நான் தூக்குச் சட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரத்தில், நிலைப்படியில் தலை இடிக்க ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ஒரு கையில் குடை, தோளில் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன தேசம். பெயரை மூன்று தடவை சொன்னார். எனக்குப் பிடிபடாததால் புத்தகத்தைத் தள்ளி அவரையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். புத்தகத்தில் குழம்புக் கறை இருந்ததைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

அந்த வருஷம் பருவம் பொய்த்திருந்தது. பேரருவியில் பாறை மட்டும்தான் இருந்தது. இவர் எங்கேயோ குற்றாலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, அதில் குளிப்பதற்கென்றே கப்பல் ஏறி வந்தவர். தண்ணீர் இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்டார். நான் பாரத்தை எடுத்துக் காரணம் என்ற கட்டத்தில், "குற்றாலம் பேரருவியில் குளிக்க வந்தவர், அக்காரியம் முடியாததால் அடுத்த சீசன் வரை தங்க வேண்டியது" என்று எழுதி வைத்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். எங்கள் அதிகாரி எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். படிக்கிற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

மறு வருஷம் அருவி கொட்டியது. கீழப்பாவூர், கடையநல்லூர் ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து குளித்துக் கும்மாளம் போட்டது. அது முடிந்து துரை என் முன்னால் வந்து நின்றார். தோளில் அதே துண்டு, அதே மடிப்பு. குளித்தாயிற்றா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, போன வருஷத்துக் காரணத்தையே எழுதலாமே, அது இன்னும் உண்மைதானே என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதருக்கு ஊர் பிடித்துவிட்டது. குளித்தால் வந்த காரியம் முடிந்துபோகும். காரியம் முடிந்தால் கிளம்ப வேண்டும்.

நமக்கானால் இதற்கு ஒரு நிமிஷத்தில் வழி தெரியும். எனக்கும் தெரிந்தது. "தொரை, நீங்க பாட்டுக்குக் குளிங்க. குளிக்கலேன்னு நான் எழுதிக்கிடுதேன். எவன் வந்து பாக்கப் போறான்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் அவருக்கு நம் தமிழ் வந்திருந்தது. பெரியவர் சிறியவர் பேதமில்லாமல் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி, நானும் எங்க ஊர்ல முப்பது வருசம் குமாஸ்தா. பாரத்துல பொய் எழுதப்படாது."

இப்படி ஒரு குமாஸ்தாவும் இருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவர் நடத்தியதை விரதம் என்றுதான் சொல்ல வேண்டும். வாடகை வீட்டுக் கிணற்றில் இரண்டு வேளை குளிப்பார். சிற்றாற்றில் கால்கூட நனைக்கமாட்டார். அது அருவியிலிருந்து வருகிற தண்ணீராம். சாரல் அடித்தால் உடனே குடையை விரித்துவிடுவார். ஆனால் சீசனில் ஒரு நாள் தவறாமல், தோளில் துண்டுடன் பேரருவிக்குப் போய், தெறிக்கிற தண்ணீர் எட்டாத ஒரு பாறையில் நின்று பார்ப்பார். சுற்றி ஆயிரம் ஈரத் துண்டுகளுக்கு நடுவே இது ஒன்றுதான் காய்ந்த துண்டு. பேரும் அதுவே ஆகிவிட்டது.

காய்ந்த ஆள் ஒருவர் நின்றால் நம் ஜனம் விடுமா? முதலில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் பொடி டப்பா, கைக்கடிகாரம், ஜிப்பா, ஜாதகக் கட்டு என்று ஒவ்வொன்றாக வந்தது. மூன்றாவது சீசனில் பார்த்தால் துரை துணி காயப்போட்ட கொடிபோல நிற்கிறார். சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் ஒருவர் பொய்ப் பல் செட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டு, குளித்த சுகத்தில் மறந்து வண்டி ஏறிவிட்டார். துரை பல்லை வாழையிலையில் பொதிந்துகொண்டு அவ்வளவு தூரமும் நடந்துபோனார். அங்கே பண்ணையார் கறிக்குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம்.

செங்கோட்டை அப்போது திருவாங்கூர் சீமை. அங்கே ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது துரை எல்லைச் சாவடியில் நின்றுகொண்டு, நான் வேறு ராஜ்யம் போய் வந்திருக்கிறேன், பதிந்துகொள் என்றார். சாவடிக்காரன் புகையிலை இருக்கிறதா என்று துண்டை உதறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். இவர் நகரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவன் அலுத்துப்போய், மிளகு மூட்டைக் கணக்குக்குக் கீழே "துரை 1, குடை 1, துண்டு 1, உள்ளே வந்தது" என்று எழுதிக் காட்டினான். அதற்கப்புறம்தான் கிளம்பினார்.

அவர்மேல் மனத்தாங்கல் உள்ள ஆள் குற்றாலத்திலேயே ஒருவன்தான். எண்ணெய் தேய்த்துவிடுகிற மாடசாமி. அருவிக்கு வருகிறவர்களைக் கல்லில் படுக்கப் போட்டு, எண்ணெயைச் சதைக்குள் ஏற்றித் தண்ணீருக்கு அனுப்புகிறவன். அவன் கையில் படாத உடம்பு அந்த ஊரில் இது ஒன்றுதான். தினமும் "என்ன தொரை, இன்னைக்காவது நம்ம கல்லுல படுப்பியளா?" என்று கேட்பான். அவர் சிரிப்பார்.

ஒரு நாள் பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஊரில் அப்படி என்னதான் கஷ்டம் என்று கேட்டேன். கஷ்டம் ஒன்றுமில்லை என்றார். சம்சாரம் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அங்கே அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. இங்கே ஒரு நாள் பாறைக்கு வராவிட்டால் நாலு பேர் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். சொல்லிவிட்டு யாருடையதோ மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அருவியைப் பார்க்கும்போது அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை.

ஏழாவது வருஷம் புது அதிகாரி வந்தார். ஃபைலைப் படிக்கிறவர். சண்டை வரும்போல இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்களை விசாரி என்று மேலிடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு ஏழு பாரத்தையும் மேஜையில் பரப்பினார்.

"ஏழு வருஷமாக் குத்தாலத்தில இருக்கிறவன் குளிக்கலையா? குளிச்சிருந்தா நீர் எழுதினது பொய். உம்மை வேலையில வைக்க முடியாது. குளிக்கலேன்னா நாளைக்கு உம்ம கண் முன்னால குளிக்கட்டும். காரியம் முடிஞ்சுதுன்னு நான் அவனை அனுப்பிடறேன்."

கையில் மெமோவும் கொடுத்தார். வீட்டில் நாலு பிள்ளைகள், அதில் மூத்தவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. சாயங்காலம் குற்றாலம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாரலைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் பேசினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெமோவா அண்ணாச்சி?" என்று கேட்டார். குமாஸ்தா முகம் குமாஸ்தாவுக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடிப்புப் பிசகாமல் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். காலையில் எட்டு மணிக்கு வந்துவிடச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

காலையில் போனால் சேதி எப்படியோ பரவி, ஊரே கூடியிருந்தது. அருவி நல்ல வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. துரை குடையை என்னிடம் கொடுத்தார். அப்புறம் கடிகாரம், மூக்குக் கண்ணாடி, சட்டை. ஏழு வருஷம் ஊரார் சட்டையைச் சுமந்து நின்றவர் அன்றைக்குத் தன் சட்டையைக் கொடுத்தபோது நான் அதை மடிப்புக் கலையாமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். மாடசாமி எண்ணெய்க் கிண்ணத்துடன் குறுக்கே வந்தான். பத்து மணிக்கு ஆபீஸில் நிற்க வேண்டும், நேரமில்லை என்று அவனை விலக்கிவிட்டு நேரே தண்ணீருக்குள் நடந்தார்.

குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நகர்ந்து நடு இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். குற்றாலத்தில் அப்படி யாரும் யாருக்கும் இடம் விட்டு நான் பார்த்ததில்லை. அவர் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, தண்ணீர் மறைத்துவிட்டது. நான் அழுததை யாராலும் மறைக்க முடியவில்லை.

பத்து மணிக்கு அதிகாரியின் அறையில் சொட்டச் சொட்ட நின்று, "இன்னைக்குத்தான் குளிச்சேன், அண்ணாச்சி. குமாஸ்தா எழுதினது அம்புட்டும் நெசம்" என்றார். வாசலில் நின்ற நாற்பது பேரும் ஆமாம் என்றார்கள். அதிகாரி நியாயஸ்தர். மெமோவைக் கிழித்தார். பதினைந்து நாளில் புறப்பட வேண்டும் என்ற உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார். ஆனால் எழுதும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தென்காசி ஸ்டேஷனில் வழியனுப்பக் கூடிய கூட்டத்தைப் பார்த்து, யார் மந்திரி என்று ரயில் கார்டு கேட்டார். துரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாடசாமிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"எண்ணெ தேய்க்காம நின்னா அதுக்குப் பேரு குளியலா தொரை? நீங்க நனைஞ்சிருக்கிய, அம்புட்டுத்தான். குளியல் பாக்கி கெடக்கு."

கூட்டம் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, ஜன்னல் வழியாக என் பக்கம் குனிந்து, "இதைப் பாரத்துல எழுதலாமா அண்ணாச்சி? பொய் ஆயிராதே?" என்று கேட்டார்.

"பொய் இல்ல தொரை. குத்தாலத்துல எவனைக் கேட்டாலும் சொல்லுவான்" என்றேன்.

பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்து அங்கேயே எழுதினேன். மறுபடி வர அனுமதி கோரி மனு. காரணம்: பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க. வண்டி நகர நகரத் துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. நான் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் அந்த மனுவை ஃபைலிலிருந்து எடுத்து, மனுதாரர் இன்னும் வந்து சேரவில்லை, காரியம் பாக்கி என்று வருஷா வருஷம் குறிப்பு எழுதி வைத்தேன். அந்த அதிகாரியும் இருந்தவரை அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

சீசன் வந்தால் இப்போதும் பேரருவிக்குப் போகிறேன். மாடசாமி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவனும் ஏன் என்று கேட்பதில்லை. தண்ணீரில் நின்று சும்மா நனைந்துவிட்டு வருகிறேன். துரை வரட்டும், சேர்ந்து குளித்துக்கொள்ளலாம்.